பெருநாள் தட்டில் இருக்கும் பணியாரம் யாருடையது?



நோன்பு இருபதைத் தாண்டிவிட்டது. கடைத்தெருவில் இப்போது முட்டை விலை, கஜு விலை, கருப்பட்டி விலை பற்றிய பேச்சுத்தான். இந்தக் கிழமைப் பதிவும் அதைப் பற்றியதே. கொஞ்சம் நீளம். தராவீஹ் முடிந்து வந்து ஆறுதலாக வாசியுங்கள்.

நோன்பு விடுமுறைக்குப் பாடசாலை மூட முந்தின கிழமை, தரம் 9இல் ஒல்லாந்தர் காலத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடத்துக்கும் கேள்விக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி ஒரு மகள் எழும்பிக் கேட்டார்:

"சேர், வட்டிலப்பம் அரபு நாட்டிலிருந்தா வந்தது?"

பக்கத்து வாங்கில் இருந்த மகன் முந்திக்கொண்டார். "இல்ல சேர், அது மலாய் ஆக்கள்ட."

பின் வரிசையிலிருந்து இன்னொரு குரல்: "கருப்பட்டி சிங்கள ஆக்கள்ட. அப்ப வட்டிலப்பமும் அவங்கடதானே?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் இதே கேள்வியைப் பெரியவர்கள் சிரிக்காமல் கேட்பதைக் கொஞ்சக் காலமாகக் கேட்டு வருகிறேன். ஒரு பக்கம், நாம் அரபு வழி வந்தவர்கள், நம் சாப்பாடும் அங்கிருந்து வந்ததே என்று பெருமை பேசுகிறவர்கள். மறு பக்கம், இதெல்லாம் மற்றவர்களிடம் தொற்றிக்கொண்டது, பெருநாளுக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள். வெளியிலிருந்து, நீங்கள் வந்தேறிகள், உங்களுக்கென்று இங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் வேறு. இந்த மூன்று பேருக்கும் பதில் ஒரே தட்டில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. பிள்ளைகளிடம் விடுமுறை வேலையாக ஒன்றே ஒன்று கொடுத்தேன்: வீட்டில் இருக்கும் மூத்த பெண்ணிடம் போய், பெருநாளுக்கு அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள், சாமான் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வாருங்கள். நானும் என் பங்குக்குத் தேடினேன். இதோ என் வீட்டு வேலை.

முதலில் மார்க்கம். நோன்புப் பெருநாள் தொழுகைக்குப் போகுமுன் நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழங்களை ஒற்றைப்படையாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள் என்பது புகாரியில் அனஸ் (ரழி) அவர்கள் வழியாக வருகிறது. இனிப்பும் தேனும் அவர்களுக்கு விருப்பமானவை என்பது ஆயிஷா (ரழி) அவர்களின் அறிவிப்பு. அவ்வளவுதான். பெருநாளுக்கு இன்ன பணியாரம் என்று எவருக்கும் விதிக்கப்படவில்லை. இஸ்லாம் போன ஊரிலெல்லாம் அந்த ஊரில் விளைந்ததே பெருநாள் இனிப்பானது. இங்கே விளைந்தது தென்னையும் கித்துளும். அங்கிருந்துதான் நம் கதை தொடங்குகிறது.

கருப்பட்டியை நம் வீடுகளில் சிலர் சக்கரை என்கிறோம். சிங்களத்தில் ஹகுரு. அரபியில் சுக்கர். ஒல்லாந்தர் சொல் சூய்க்கர், ஆங்கிலத்தில் சுகர். ஆங்கிலேயர் கருப்பட்டிக்குச் சொல்லும் ஜாகரி கூட, இந்தப் பக்கத்துச் சக்கரையைப் போர்த்துக்கேயர் தங்கள் வாயில் புரட்டியதால் வந்தது. எல்லாமே சர்க்கரா என்ற ஒரே வடசொல்லின் பிள்ளைகள். ஒன்று மேற்கே கப்பலேறிப் பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. ஒன்று இங்கேயே கித்துள் மரத்தடியில் ஹகுரு ஆனது. யாருடைய சொல் என்று அடித்துக்கொள்வதற்கு முன் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மொழிப் பாட ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் பாடத்துக்குள் நுழைந்துவிட்டேன்.

கித்துள் பற்றி மாவனல்லைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அரநாயக்கப் பக்கம் போனால் மரத்தோடு கட்டிய ஏணி தெரியும். பூக்குலையைச் சீவிச் சீவி, காலையும் மாலையும் பானையில் சாறு இறக்குவார்கள். அது புளித்தால் கள்ளாகிவிடும். புளிக்காமல் இருக்கப் பானைக்குள் ஹல் மரப்பட்டை போடுவது பழைய முறை. இறக்கிய உடனே காய்ச்ச வேண்டும். காய்ச்சினால் முதலில் பாணி, இன்னும் இறுகினால் கருப்பட்டி. சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டு, இரண்டு பாதியை முகத்தோடு முகம் வைத்துக் காய்ந்த இலையில் சுற்றி வரும். ஹராமுக்கும் ஹலாலுக்கும் இடையில் சில மணி நேரமும் ஒரு மரப்பட்டையும்தான் என்று என் உம்மா பகிடியாகச் சொல்வார்.

புளிக்காத அந்தச் சாற்றுக்குச் சிங்களத்தில் தெலிஜ்ஜ என்று பெயர். 1681இல் லண்டனில் அச்சான ரொபர்ட் நொக்ஸின் புத்தகத்தில் இதே சொல் இருக்கிறது. நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் கிட்டத்தட்ட 20 வருடம் சிறை இருந்தவர். கித்துள் மரத்தையும், அதன் சாற்றையும், அதைக் காய்ச்சி எடுக்கும் ஜாகரியையும் ஆறுதலாக எழுதியிருக்கிறார். அவரே சொல்லும் இன்னொரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒல்லாந்தர் கொழும்புக்கு வந்த புதிதில், அரசர் அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துப் பொரித்த கெவும் செய்து விருந்தாக அனுப்பினாராம். அதைத் தின்று பார்த்த ஒல்லாந்தர், மனிதக் கையால் இப்படிச் செய்ய முடியாது என்று நினைத்து, இது மரத்தில் காய்ப்பதா என்று கேட்டார்களாம். ஊர்ச் சனங்கள் ஒல்லாந்தரைக் கேலி செய்யக் கட்டிய கதையாகவும் இருக்கலாம். ஆனால் கருப்பட்டிப் பணியாரத்தை அந்நியனுக்கு அனுப்பி வைக்கும் பழக்கம் இந்த நாட்டில் 350 வருடத்துக்கு முன்பே பேசப்பட்டது என்பது அதில் இருக்கிறது.

கண்டி இராச்சியத்தில் நம்மவர்களின் வேலை என்ன? மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவில் பொதி மாட்டுத் தவளம் ஓட்டியவர்களில் முஸ்லிம்கள் பெரும்பங்கு. லோர்ணா தேவராஜா அம்மையார் 1994இல் எழுதிய இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இதை விரிவாகப் பார்க்கலாம். கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின, மலையிலிருந்து பாக்கு இறங்கியது. உப்புக் கொண்டுபோன வீட்டுத் திண்ணையில் தவளக்காரருக்குக் குடிக்கத் தண்ணீரும் கடிக்கக் கருப்பட்டித் துண்டும் கிடைத்திருக்கும் என்று நான் நினைப்பதற்கு எந்த ஏட்டிலும் ஆதாரம் தேட மாட்டேன். இன்றைக்கும் அந்த ஊர்களில் அதுதானே கிடைக்கிறது.

இனி வட்டிலப்பம்.

மலாய் உலகத்தில் ஸ்ரீகாயா என்று ஒரு பண்டம் உண்டு. முட்டை, தேங்காய்ப்பால், சீனி அல்லது பனை வகைச் சர்க்கரை, அவித்து எடுப்பது. நம் வட்டிலப்பத்தோடு பக்கத்தில் வைத்தால் சகோதரி என்று பார்த்தவுடன் தெரியும். இதை இங்கே கொண்டுவந்தவர்கள் மலாய் மக்கள் என்றே எழுதியவர்களில் அநேகர் சொல்கிறார்கள். ஆனால் பெயர்? வட்டில் என்றால் கிண்ணம். வட்டிலில் ஊற்றி அவிக்கும் அப்பம். இது தமிழ்ப் பெயர் என்றே நான் கொள்கிறேன். தமிழ்நாட்டில் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம்மோடு பல தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் இருந்த முஸ்லிம் வீடுகளிலும் இதே பண்டம் இதே பெயரில் இருக்கிறது.

சாமான்களைப் பாருங்கள். கருப்பட்டி அரநாயக்கச் சிங்களக் கிராமத்திலிருந்து. தேங்காய் குருநாகல் பக்கமிருந்து. கஜு மரம் போர்த்துக்கேயர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து ஆசியாவில் நட்டது. கஜு என்ற பெயரே பிரேசில் பழங்குடி மக்களின் சொல், போர்த்துக்கேயர் வாய்வழி வந்தது. சாதிக்காயின் தாயகம் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். அந்தச் சாதிக்காய்க்காகவே ஒல்லாந்தர் 1621இல் பண்டா மக்களைக் கொன்றும் கடத்தியும் தீவைப் பிடித்தார்கள். இன்று சாதிக்காய் மரம் நம் வளவிலேயே நிற்கிறது. கண்டி வீதி நெடுக இருக்கும் வாசனைத் தோட்டங்களில் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரருக்குக் காட்டும் முதல் மரங்களில் அதுவும் ஒன்று. ஏலம் நம் மலை. இத்தனையையும் சேர்த்து அடித்து அவிப்பது நம் உம்மாவின் கை. இதில் எதை எடுத்துவிட்டு எங்களுடையது என்பது?

உம்மாவின் முறையையும் எழுதிவிடுகிறேன், இளம் பிள்ளைகள் பலர் கேட்டிருந்தீர்கள். பன்னிரண்டு முட்டைக்கு அரைக் கிலோ கருப்பட்டி, இரண்டு தேங்காயின் முதல்பால். கருப்பட்டியைச் சீவிக் கொஞ்சம் பாலில் கரைத்து, வடித்து, நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு முட்டையில் ஊற்றினால் முட்டை திரண்டுவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. முட்டையை நுரை பொங்க அடிக்க வேண்டாம், கலங்கினால் போதும். ஏலம், சாதிக்காய், ஒரு கிள்ளு உப்பு. கிண்ணத்தின் வாயை வாழையிலையால் கட்டி, சிறு தீயில் அவிக்க வேண்டும். மூடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் உம்மாவுக்குத் தெரியும். தீ கூடினால் ஓட்டை ஓட்டையாக வரும். அந்த ஓட்டை அழகு என்று சொல்பவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் அது பிழை.

தொதல் பற்றி மயக்கமே இல்லை. பெயரும் பண்டமும் மலாய். ஜாவாவிலும் மலேசியாவிலும் பெருநாளுக்கு இன்றும் டொடோல் கிண்டுகிறார்கள். கோவாவில் கத்தோலிக்கர் நத்தாருக்குக் கிண்டுகிறார்கள். கீழக்கரைத் தொதல் தமிழ்நாட்டில் பேர்போனது. இங்கே அம்பாந்தோட்டைப் பக்கம் போனால் வீதியோரக் கடைகளில் தொதல் அடுக்கி இருக்கும். அந்த ஊர் மலாய் மக்கள் வாழும் ஊர் என்பதை நினைவில் வையுங்கள்.

அவர்கள் எப்படி வந்தார்கள்? விரும்பி வந்தவர்கள் குறைவு. ஒல்லாந்தர் தம் படைக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்தார்கள். எதிர்த்த அரசர்களையும் ஆலிம்களையும் இங்கே நாடு கடத்தினார்கள். மகாசரைச் சேர்ந்த ஷெய்க் யூசுஃப் 1684இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். இங்கே இருந்தும் கிதாபு எழுதிக்கொண்டும், ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் மூலம் ஊரோடு தொடர்பு வைத்துக்கொண்டும் இருந்தார் என்று பத்து வருடத்துக்குள் இன்னும் தூரமாகத் தென்னாபிரிக்காவின் கேப்புக்கு அனுப்பிவிட்டார்கள். 1708இல் ஜாவாவின் மாத்தாரம் அரசர் மூன்றாம் அமங்குராத் நாடு கடத்தப்பட்டு வந்தார், இங்கேயே 1734இல் மரணித்தார். பிறகு ஆங்கிலேயர் காலத்தில் மலாய்ப் படையணி, 1873இல் அதுவும் கலைக்கப்பட்டது. படைவீரர்கள் பொலிஸுக்கும் தோட்டங்களுக்கும் சிதறினார்கள். நம் மலைநாட்டு ஊர்களில் மலாய் உம்மா உள்ள குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஊரைப் பறித்தாலும், அரசைப் பறித்தாலும், அரிசி மாவும் தேங்காயும் இனிப்பும் கிடைக்கிற இடத்தில் தொதலைப் பறிக்க முடியவில்லை. தங்கள் ஊரில் பனை வகைச் சர்க்கரை போட்ட இடத்தில் இங்கே கித்துள் கருப்பட்டி போட்டார்கள். அப்படித்தான் அது களு தொதல் ஆனது, சிங்களச் சித்திரை மேசைக்கும் ஏறியது.

தொதல் கிண்டுவது தனி ஆள் வேலை இல்லை. எங்கள் உம்மும்மா வீட்டில் ஒரு கிலோ அரிசி மாவுக்குப் பன்னிரண்டு தேங்காய், மூன்று கிலோ கருப்பட்டி. பெரிய தாச்சி, பொச்சுமட்டையும் விறகும் போட்ட அடுப்பு முற்றத்தில். இஷாவுக்குப் பிறகு தொடங்கினால் ஸஹருக்கு முன் முடிந்தால் நல்ல நாள். முதல் இரண்டு மணி நேரம் சிறுவர்களான எங்களுக்கும் துடுப்புப் பிடிக்கத் தருவார்கள். எண்ணெய் கக்கத் தொடங்கினால் நாங்கள் விலக்கப்படுவோம். அந்த நேரத்தில் தொதல் வெடித்துக் கையில் தெறித்தால் தோலோடு போகும். கனத்தால் கை விட்டுப்போகும் என்று மாமாமார், வாப்பா, பக்கத்து வீட்டுச் சிங்களப் பொடியன்மார் எல்லோரும் மாறி மாறிக் கிண்டுவார்கள். துடுப்பு ஒரு நிமிடம் நின்றால் அடிப்பிடிக்கும். உம்மும்மா ஓரத்தில் ஸ்டூலில் இருந்துகொண்டு வாயில் ஸலவாத்தும் கண்ணில் தீயுமாக இருப்பார்.

மஸ்கட் வேறு வழியால் வந்தது. பெயரிலேயே ஓமானின் துறைமுகம். ஓமானியரின் ஹல்வா எப்படிச் செய்வது என்று பார்த்தால், மாப்பால், சீனி, நெய், ஏலம், பன்னீர், பருப்பு, பெரிய செப்புப் பாத்திரத்தில் மணிக்கணக்கில் கிண்டல். நாம் செய்வதும் அதுவே. கோதுமை மாவைப் பிசைந்து ஊறவைத்து, தண்ணீரில் பிசைந்து பிசைந்து பால் எடுத்து, சவ்வை வீசிவிட்டு, பாலை இரவெல்லாம் தெளியவைத்து, மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு அடியில் தங்கிய வெள்ளையை எடுப்பது. மாச்சத்தை இனிப்போடும் கொழுப்போடும் கிண்டி இறுக்கும் இந்த வித்தை பழையது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்-வர்ராக் தொகுத்த சமையல் நூலில் ஃபாலூதஜ் என்ற பெயரில் இதன் மூத்த தலைமுறை இருக்கிறது. அந்தச் சொல்லும் பாரசீகத்திலிருந்து அரபிக்குப் போனது. நம் இஃப்தார் மேசையின் பலூடாவும் அந்தக் குடும்பத்துப் பெயரே. ஆகவே அரபு வழி என்று பெருமைப்பட விரும்புகிறவர்களுக்கு மஸ்கட் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அரபியர் அதைப் பாரசீகரிடம் கற்றார்கள் என்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கொக்கிஸை ஒரு வரியில் முடிக்கிறேன்: ஒல்லாந்தரின் கூக்யெஸ், அதாவது சின்ன கேக். இன்று அது இல்லாமல் சித்திரைப் புத்தாண்டு இல்லை.

கடற்பாசி பற்றி ஒரு சின்ன வருத்தம். புத்தளம், கற்பிட்டிக் களப்பில் விளையும் பாசியை ஐரோப்பியர் 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களில் சிலோன் மொஸ் என்றே எழுதினார்கள். இங்கிருந்து ஏற்றுமதியும் ஆனது. இன்று நாம் கடையில் போய்ச் சைனா கிராஸ் தாருங்கள் என்று கேட்கிறோம்.

இனிப்பின் கதை என்றால் இனிப்பு இல்லாத காலத்தையும் எழுத வேண்டும். 1942இல் ஜப்பானியர் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்ட வருடம், அரிசி, மா, சீனி எல்லாம் கூப்பனுக்கு வந்தன. எங்கள் உம்மும்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த வருடப் பெருநாளுக்கு மஸ்கட் இல்லை, ஆனால் வட்டிலப்பம் இருந்தது என்பார். காரணம் கருப்பட்டிக்குக் கூப்பன் இல்லை. கப்பலில் வருவதுதான் நின்றது, மரத்தில் இறங்குவது நிற்கவில்லை.

உம்மாவின் காலம் 1974. உலகச் சந்தையில் சீனி விலை அதுவரை காணாத உச்சத்துக்குப் போன வருடம். நம் நாடோ இறக்குமதியை இறுக்கிப் பிடித்த காலம். சங்கக்கடையில் கூப்பன் புத்தகத்தோடு வரிசை. ரஜப் மாதத்திலிருந்தே சீனியை ஹோர்லிக்ஸ் போத்தலில் சேர்த்தோம், தேயிலைக்குக் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டோம் என்று உம்மா சொல்வார். அந்தப் பழக்கத்தில் இன்றும் அவர் தேத்தண்ணீருக்குச் சீனி போடுவதில்லை. எங்கள் வீட்டுக்குக் கருப்பட்டி கொண்டுவந்தவரை நாங்கள் ஹகுரு மாமா என்போம். கடன் புத்தகம் இல்லை, அவர் நினைவுதான் கணக்கு. பெருநாள் முடிந்து அடுத்த கிழமை வந்து காசு வாங்கிக்கொள்வார், ஒரு துண்டு வட்டிலப்பத்தைத் தின்றுவிட்டு, "அம்மே, இந்த முறை என் ஹகுரு நல்லா இருந்துச்சா?" என்று கேட்பார். வட்டிலப்பம் எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இனி எழுதுவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2019 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. பக்கத்து வீட்டு அக்கா வழமைபோல ஒரு தட்டுக் கொண்டுவந்து தந்தார். கெவும், கொக்கிஸ், ஆஸ்மி, வாழைப்பழம். நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டு. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இரண்டு வீட்டுக்கும் இல்லை. பெருநாளுக்கு வட்டிலப்பம் வைத்துக் கொடுப்போம் என்று மனைவி அதைக் கழுவி அலுமாரியில் வைத்தார்.

ஏழு நாள் கழித்து, ஏப்ரல் 21. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கு மேற்பட்ட உயிர்கள். செய்தவர்கள் நம் பெயர்களை வைத்திருந்தவர்கள். எங்கள் ஊரில் அதற்கு முந்தின டிசம்பரிலேயே புத்தர் சிலைகள் சேதமாக்கப்பட்டிருந்தன, அதில் எங்கள் முகம் ஏற்கெனவே கருத்துப்போயிருந்தது. மே 13ஆம் திகதி குருநாகல், கம்பஹா பக்கங்களில் நம் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. ஜூன் 5 பெருநாள். தக்பீரைக்கூட மெதுவாகச் சொன்ன பெருநாள் அது. எங்கள் வீட்டில் அடுப்பில் ஒன்றும் ஏறவில்லை. தட்டு அலுமாரியில் இருந்தது. கொடுத்தால் வாங்குவார்களா என்று எங்களுக்குப் பயம். வேலியோரம் கண்டால் அக்கா சிரிப்பார், நாங்களும் சிரிப்போம், அதற்கு மேல் இல்லை.

2020 சித்திரை ஊரடங்கு. அந்த வருடப் பெருநாளும் வீட்டுக்குள். 2021உம் அப்படியே. தட்டு அங்கேயே.

2022 மே 3, நோன்புப் பெருநாள். கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கரண்ட் நேரத்துக்கு இல்லை. சீனியும் பால்மாவும் தங்கம். உம்மாதான் சொன்னார், முற்றத்தில் கல் வையுங்கள் என்று. மூன்று கல் அடுப்பு வைத்து ஈர விறகோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த புகையைப் பார்த்து, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது. "சேர், அந்த விறகு பத்தாது. இருங்க." மகனிடம் ஒரு சாக்குக் காய்ந்த பொச்சுமட்டை கொடுத்தனுப்பினார். அந்த அடுப்பில் அவித்த வட்டிலப்பத்தை அந்த நீலத் தட்டில் வைத்து, மூன்று வருடம் கழித்துக் கொண்டுபோனோம். அவர் தட்டைப் பார்த்தார். "இது உங்ககிட்டயா இருந்துச்சு, நான் உடைஞ்சதுன்னு நினைச்சேன்" என்றார். அவ்வளவுதான் கதைத்தது. வட்டிலப்பம் கொஞ்சம் புகை மணம்.

2024இல் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே கிழமைக்குள் வந்தன. எங்கள் தட்டு அங்கே போக, அவர்கள் தட்டு இங்கே வர, யார் தட்டு யாரிடம் என்று பிள்ளைகளுக்குள் சண்டை. அந்த நீலத் தட்டு இப்போது மறுபடி எங்கள் அலுமாரியில்தான்.

ஹகுரு மாமா மௌத்தாகிப் பல வருடம். மன்னிக்கவும், சிங்களவர் இறந்ததை மௌத்து என்று எழுதிவிட்டேன், ஆனால் உம்மா அப்படித்தான் சொன்னார். இப்போது வருவது அவருடைய மகன். மரம் ஏற ஆளில்லை, இளம் பொடியன்மார் கொழும்புக்கும் கொரியாவுக்கும் போகிறார்கள் என்கிறார். சந்தையில் கித்துள் என்று விற்பதில் பாதிக்கு மேல் சீனி கலந்தது என்பது அவருடைய முறைப்பாடு. வாங்குபவர்கள் கடித்துப் பாருங்கள்: சீனி கலந்தது பல்லில் கல்லு மாதிரி நறுநறுக்கும்.

பிள்ளைகளின் வேலைகள் சில வட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிட்டன. ஒரு மகளின் மூத்தம்மா நான் கேள்விப்படாத இரண்டு பணியாரங்களின் பெயரைச் சொல்லியிருக்கிறார். செய்முறையைச் சரியாக எழுதி எடுத்த பிறகு போடுகிறேன்.

உங்கள் வீடுகளில் பழைய தொதல் தாச்சி, துடுப்பு, கொக்கிஸ் அச்சு, கூப்பன் புத்தகம் எது இருந்தாலும் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். யாருடைய வீட்டிலிருந்து வந்தது, யார் பாவித்தது என்பதையும் எழுதுங்கள். பாடசாலை திறந்ததும் வகுப்பில் ஒரு சின்னக் கண்காட்சி வைக்கும் எண்ணம் இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். எங்கள் உம்மும்மாவின் தாச்சியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அதற்கு முச்சக்கரவண்டி உள்ளவர்கள் யாராவது உதவினால் நல்லது.

நாளைக்கு அஸருக்குப் பிறகு கருப்பட்டி வரும் என்று சொல்லியிருக்கிறார். விலையைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.